மேடு இல்லாத ஊர்

துப்பாக்கிக் கடை இருட்டாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.
கீழவாசலில், டியூப்லைட் வெளிச்சத்தில்,
தையல் மிஷின் விற்கிற கடை மாதிரிதான் இருந்தது.
சுவரில் உரக் கம்பெனி காலண்டர்.

"எதுக்கும்மா?" என்றார் சிக்கந்தர் பாய்.
பன்றிக்கு என்றேன்.
கொள்ளிடத்து நாணலிலிருந்து இறங்கி
ஒரே ராத்திரியில் அரை ஏக்கர் கடலையை
உழுதுவிட்டுப் போகிறதுக்கு.
கொஞ்சம் பொறுத்து,
புயலுக்கும் என்றேன்.
நிமிர்ந்து பார்த்தார்.

புயலைச் சுட முடியாதென்று எனக்கும் தெரியும்.
பதினோரு நாள் கரண்டு இல்லாத கார்த்திகையில்
மோட்டார் கொட்டகை வயரை அறுத்துக்கொண்டு போனார்கள்.
பட்டியில் நாலு ஆடு குறைந்தது.
வாசல்பக்கம் யாரோ செருமினால்
பதிலுக்குச் செருமத் தொண்டை வரவில்லை.
இதையெல்லாம் சொல்லாமல்
"எல்லாத்துக்கும் ஆகிற மாதிரி ஒண்ணு" என்றேன்,
மழைக்கோட்டு கேட்பதுபோல.

முந்நூத்திப் பதினஞ்சு ரைஃபிளை எடுத்து வைத்தார்.
ஒற்றைத் தோட்டா. நெடுந்தூரம்.
எனக்குப் பிடித்துவிட்டது.
"உங்க கொல்லைக்குப் பின்னால என்ன இருக்கு?"
வயல்.
"அதுக்குப் பின்னால?"
வாய்க்கால். வயல். பக்கிரிசாமியின் பம்புசெட்.
வயல். ரயில்வே கேட். பள்ளிக்கூடம்.
"மேடு?"
மேடா?

எங்கள் ஊரில் மேடு என்றால் ஆற்றங்கரை,
விட்டால் சுடுகாட்டுத் திட்டு.
எந்தப் பக்கம் போவதென்று தண்ணீருக்கே
மண்வெட்டியோடு ஓர் ஆள் நின்று சொல்லவேண்டிய மண்.

"இது மலங்காட்டுத் துப்பாக்கிம்மா.
தப்பினதை மலை வாங்கிக்கும்.
உங்க ஊர்ல யாரு வாங்கிக்குவா?"

பன்னெண்டு போர், ரெட்டைக் குழல்
மேஜைக்கு வந்தது.
நாற்பது கஜத்துக்கு மேல் ரவைக்கு மூச்சு வாங்குமாம்.
தூக்கிப் பார்த்தேன்.
மருந்து ஸ்பிரேயர் தோளில் ஏறும் கனத்தில்
கால்வாசிகூட இல்லை.
இவ்வளவுதானா என்றிருந்தது.

உரிமத்துக்கு எட்டு மாதம்.
"வீட்டுக்காரர் பேர்ல போடலாமே" என்றார் குமாஸ்தா.
அவர் துபாயில் இருக்கிறார்,
பன்றி அங்கே போவதில்லை என்றேன்.
சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தார்:
விரட்டுவதற்கு மட்டும்.

வாங்கிப் பத்தொன்பதாம் நாள் தேர்தல் அறிவித்தார்கள்.
ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கினேன்.
நடத்தை விதிகளைப் பன்றிகளுக்கு
யாரும் வாசித்துக் காட்டவில்லை போல.
ரசீதை வைத்துக்கொண்டு
கடலை போவதைப் பார்த்தேன்.

திரும்பி வந்தபோது குழலில் யாரோ
வெற்றிலைக் காம்பு செருகியிருந்தார்கள்.

நேற்று ராத்திரி, மரவள்ளிக் கொல்லையில்
டார்ச்சுக்கு இரண்டு கண் மாட்டியது.
முப்பது கஜம் இருக்கும்.
தோளில் கட்டை, விசையில் விரல்,
வருஷம் முழுக்கக் காத்திருந்த அந்த இடம்.
அந்தக் கண்களுக்குப் பின்னால்
மூன்றாவதாக ஒரு சிவப்பு.
பம்புசெட் விளக்கா, பீடியா?

குழலைத் தூக்கி வானத்தில் விட்டேன்.
கொஞ்ச நேரம் கழித்து
ரவை என் நெல்லிலேயே
சலசலவென்று இறங்கியது, யாரோ விதைப்பதுபோல.
பன்றி ஓடவில்லை. நடந்து போனது.

"யாரும்மா அது?" என்றார் பக்கிரிசாமி, இருட்டிலிருந்து.
"நான்தான்."
"பன்னியா?"
"ஆமா."
"விழுந்துச்சா?"
"இல்ல."
சிரித்தார். அப்புறம் வெகுநேரம் இருமினார்.
அந்த இருமலை வைத்து
அவர் எங்கே நின்றிருந்தார் என்று
அளந்துகொண்டிருந்தேன்.

வங்கக்கடலில் ஏதோ உருவாகியிருக்கிறதாம், காலையில் சொன்னார்கள்.
மெழுகுவத்தி வாங்கவேண்டும், கயிறு, தார்ப்பாய்.
குழலைத் துடைக்கவேண்டும்.
தேங்காயெண்ணெய் போடக்கூடாது,
கெட்டிப்பட்டுவிடும் என்று பாய் சொன்னார்.